கடல் மேட்டில் ஒரு நடை: வர்க்கலாவா, முட்டமா?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கமிருந்து கிளம்பினால் கேரளத்து வர்க்கலா, இதே மாவட்டத்து முட்டம் இரண்டுக்குமே காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நடக்கத்தான் என்றால் என் ஓட்டு வர்க்கலாவுக்கு. ஹெலிபேட் புல்தரையில் தொடங்கி, செம்பாறை விளிம்பை ஒட்டியே வடக்கே ஓடயம் வரை போகலாம். பெரிய ஏற்றம் கிடையாது, வயதானவர்களும் நிதானமாக நடக்கலாம். கடைவரிசை முடிந்த பிறகுதான் பாதை அழகாகிறது. கீழே மணலில் நின்று அண்ணாந்தால் சிவப்பு, மஞ்சள், வெள்ளை மண்ணடுக்குகள் தெளிவாகத் தெரியும். அடிவாரத்தில் ஊற்று கசியும். விளிம்பு மட்டும் பொலபொலவென்று உதிரும், மழைக்காலத்தில் கிட்டவே போகாதீர்கள்.

முட்டத்தில் நடை குறைவு. கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, அப்புறம் கடலுக்குள் இறங்கும் பெரும் பாறைகள். அஸ்தமனம் பார்க்க அருமை. ஆனால் ஈரப் பாறையில் குழந்தைகளை விடவே கூடாது.