டர்போ போச்சுன்னு சொன்னா உடனே காசைக் கொடுத்துடாதீங்க: 72,000 ரூபாய் போன கதை

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவர் ஏத்தறது) போட்ட டீசல் வண்டி வச்சிருக்கறவங்க, குறிப்பா கோயம்புத்தூர்க்காரங்க, இதை முழுசா படிங்க. கை நடுங்கற கோவத்துல எழுதறேன். 72,000 ரூபாய் வாங்கிட்டு, எந்தக் கோளாறோட வண்டியை விட்டேனோ அதே கோளாறோட திருப்பிக் கொடுத்திருக்காங்க. கடைப் பேரு போடல. டியூனிங் மட்டுமே பண்ற, பார்க்க பளிச்சுன்னு இருக்கற ஒரு ஒர்க்‌ஷாப்.

வண்டி போலோ ஜிடி டிடிஐ, ஸ்டேஜ் 1 மேப், அதாவது பார்ட் மாத்தாம புரோகிராம் மட்டும் மாத்தினது. ரொம்ப நாள் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளற காத்தோட அழுத்தம், நிலையா நிக்கல. மூணாவது கியர்ல அழுத்தி மிதிச்சா இழுக்கும், விட்டுடும், மறுபடி இழுக்கும். கோத்தகிரி ஏத்தத்துல திடீர்னு பவரே இருக்காது. ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா சரியாகிடும். ஸ்கேனர்ல பி0299ன்னு எரர் கோட், அதாவது ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட அளவுக்கு பூஸ்ட் வரல.

அந்தக் கடை ஆள் ஒருத்தர் இன்டேக் பைப்பைக் கழட்டி, டர்போ ஷாஃப்ட்டை ரெண்டு விரல்ல பிடிச்சு ஆட்டிக் காட்டினார். "பாருங்க சார், எப்படி ஆடுது. இப்படியே ஓட்டினா டர்போ வீல் உடைஞ்சு இன்ஜினுக்குள்ள போயிரும்." அதை வீடியோ எடுத்து எனக்கே வாட்ஸ்அப்பும் பண்ணினார். கண்ணு முன்னாடி கழட்டிக் காட்டறாங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குன்னு நம்பினேன். அங்கேயே 40,000 அனுப்பினேன். வண்டி எடுக்கறப்ப 32,000 கேஷ். புது டர்போ, மேப் கரெக்‌ஷன் சேர்த்து 72,000. பில் கேட்டதுக்கு "அனுப்பறோம் சார்". இன்னிக்கு வரைக்கும் வரல.

வண்டி எடுத்தப்புறம் செக் இன்ஜின் லைட் வரல, ஆனா பூஸ்ட் அதே மாதிரி ஏறி ஏறி இறங்குது. போன் பண்ணினா "புது டர்போ, செட் ஆகணும் சார்". அப்புறம் "டீசல் மாத்தி அடிச்சுப் பாருங்க". அப்புறம் "ஓனர் பெங்களூர்ல இருக்கார்". அதுக்கப்புறம் எடுக்கறதே இல்ல.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாகிட்ட கொண்டு போனேன். ஓட்டிக்கிட்டே லாக், அதாவது ஓடறப்ப வர்ற பூஸ்ட் அளவோட பதிவு, எடுத்தார். ஈசியூ கேட்கறது 2300 மில்லிபார், வர்றது 1800க்கும் 2350க்கும் நடுவுல ஊஞ்சலாடுது. கை வேக்யூம் பம்பை ஆக்சுவேட்டர்ல (வேக்யூம்ல ராடை இழுத்து டர்போவை கன்ட்ரோல் பண்ற பார்ட்) மாட்டினார். ராடு வழுக்கிக்கிட்டு மேல போச்சு, பம்ப் மீட்டர் முள்ளு அசையாம நின்னுது. அதே பம்பை, ஆக்சுவேட்டருக்கு வேக்யூம் கொண்டு போற ஹோஸ்ல மாட்டினதும் முள்ளு சரசரன்னு விழுந்துடுச்சு. பிராக்கெட்ல உரசற இடத்துல ஹோஸ் மயிரிழை அளவு வெடிச்சிருந்தது. நேரா இருந்தா தெரியாது, வளைச்சா வாயைத் திறக்குது. புது ஹோஸ் 200 ரூபாய்கூட ஆகல. மாத்திட்டு லாக் எடுத்தா கேட்கற பூஸ்ட், வர்ற பூஸ்ட் ரெண்டு கோடும் ஒட்டிக்கிட்டே போகுது.

அதைவிடக் கேவலம் இது. சோதனைக்காக ஹோஸைக் கழட்டி விட்டு ஓட்டிப் பார்த்தார். பூஸ்ட் சுத்தமா இல்ல, ஆனா பி0299 பதிவாகவே இல்ல. கோளாறைச் சரி பண்ணாம, மேப்ல அந்த எரர் கோடையே அணைச்சு வச்சிருக்காங்க! நாளைக்கு பைப் கழண்டு கரும்புகை கக்கினாலும் வண்டி எனக்குச் சொல்லாது.

புது டர்போவும் பொய். அவங்க அனுப்பின வீடியோவுல டர்போ பிளேட்ல இருக்கற சீரியல் நம்பர் தெளிவா தெரியுது. இப்ப வண்டியில இருக்கறதும் அதே நம்பர். கழுவி மாட்டிட்டு 72,000 வாங்கியிருக்காங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "வேற வண்டி வீடியோ மாறி வந்துடுச்சு சார்"னு ஒரு பதில், அப்புறம் பிளாக்.

ஷாஃப்ட் ஆட்டத்தைக் காட்டி யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. அந்த ஷாஃப்ட் ஆயில் படலத்துல மிதக்கறது, இன்ஜின் ஆஃப்ல பக்கவாட்டுல லேசா ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினா, பிளேடு ஹவுசிங்ல உரசின தடம் இருந்தா மட்டும்தான் கவலைப்படணும்.

முதல்ல லாக் கேளுங்க. ஹோஸ், இன்டர்கூலர் பைப் லீக் டெஸ்ட் பண்ணாம டர்போவைத் தொட விடாதீங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கையில வாங்குங்க, சீரியல் நம்பரை போட்டோ எடுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம கேஷ் கொடுக்காதீங்க. மேப்ல எந்த எரர் கோடையும் அணைக்கலைன்னு எழுதி வாங்குங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் புகார் கொடுத்தாச்சு. 72,000 திரும்பி வர்ற வரைக்கும் விடப் போறதில்ல. இதே மாதிரி ஏமாந்தவங்க வீடியோ, பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிச்சிடாதீங்க.