டயாலிசிஸ் நோயாளிக்கு எந்த பிபி மானிட்டர்?

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இதயத்தைக் காக்க, வீட்டில் எடுக்கும் பிபி அளவு மிக அவசியம். மேற்கையில் கட்டும் தானியங்கி மானிட்டரையே வாங்குங்கள். மணிக்கட்டு மாடல் வேண்டாம். கையைச் சற்றுத் தாழ்த்தினாலே அளவு மாறிவிடும்.

பெட்டியோடு வரும் பட்டைதான் பெரிய குறை, பருத்த கைக்குப் பொருந்தாது. பட்டைக்குள் உள்ள காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். சிறியதானால் பிபியைக் கூட்டிக் காட்டும், தேவையில்லாமல் மாத்திரை ஏறும். டேப்பால் அளந்து வாங்குங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை சிகிச்சையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் கட்டவே கூடாது. இறுக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்துப்போகலாம்.

5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளின் காலை, இரவு அளவுகளே நம்பகமானவை. நினைவகம் உள்ள மாடல் போதும், ப்ளூடூத் தேவையில்லை.