தி ஷீல்டு 5-ஆம் சீசன்: காவனாக் உள்ளே வந்த பிறகு

தி ஷீல்டு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதன் நாயகன், ஸ்ட்ரைக் டீம் என்ற சிறப்புப் போலீஸ் குழுவின் தலைவன் விக் மேக்கி தன் சக போலீஸ்காரன் டெர்ரி க்ரௌலியைச் சுட்டுக் கொன்றது 2002-இல் வந்த முதல் எபிசோடிலேயே. அடுத்த சீசன்களில் அந்தக் கொலைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. எதிரிகளாக ஆர்மீனிய மாஃபியா வந்தது, போதைமருந்துக் கும்பல் தலைவன் ஆன்ட்வான் மிட்செல் வந்தான். எல்லோரும் குற்றவாளிகள், அவர்களைப் பிடிப்பதில் விக் கெட்டிக்காரன் என்பதால் நாமும் அவன் பக்கமே நின்றோம். 2006 ஜனவரியில் எஃப்எக்ஸ் சேனலில் தொடங்கிய 5-ஆம் சீசன் இந்த வசதியைப் பறித்துவிடுகிறது. இந்த முறை எதிரியும் போலீஸ்காரன்தான். உள்விசாரணைப் பிரிவின் லெப்டினன்ட் ஜான் காவனாக். நடித்திருப்பவர் ஃபாரஸ்ட் விட்டேக்கர். சட்டம் முழுக்க அவன் பக்கம். ஆனால் அவன் ஜெயித்துவிடுவானோ என்று நமக்குப் பதறுகிறது.

காவனாக் விக்கை நேராகத் தொடுவதில்லை. போன சீசனில் விக்கின் குழுவைச் சேர்ந்த லெம் காரில் வைத்திருந்த ஹெராயின்தான் அவனுக்குக் கிடைத்த பிடி. நான்கு பேர் கொண்ட ஸ்ட்ரைக் டீமில் மனசாட்சி மிச்சமிருப்பவன் லெம் ஒருவன்தான். அவனை மிரட்டி உடம்பில் மைக் கட்டி அனுப்புகிறான் காவனாக். இதுவரை தங்கள் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டால் நால்வரும் பத்திரம். இப்போது அந்த அறையில் வாயைத் திறப்பதே ஆபத்து. பழக்கப்பட்ட அதே நான்கு சுவர்களுக்குள் ஒவ்வொரு மௌனத்துக்கும் கனம் கூடிவிடுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போய்விடலாம் என்றாலும் லெமுக்கு வழியில்லை. உள்ளே ஆன்ட்வான் காத்திருக்கிறான். பழைய வில்லனை வீணாக்காமல், புது வில்லனின் பொறிக்குப் பின்கதவாக மாற்றியிருப்பது தொடரை உருவாக்கிய ஷான் ரயன் குழுவின் அருமையான வேலை.

விட்டேக்கரின் நடிப்பு தனிப் பாடம். பெரும்பாலும் குரலை உயர்த்துவதில்லை. சூயிங்கம் மென்றுகொண்டே, எதிராளிக்கு மூச்சு முட்டும் அளவு நெருங்கி நிற்கிறார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது, கண்ணுக்கு ஏறுவதில்லை. விக்காக வரும் மைக்கேல் சிக்லிஸ் வழக்கமாகத் தோளை முன்தள்ளி, இடத்தை அடைத்துக்கொண்டு நடிப்பவர். அந்த உடல் பலம் காவனாக்கிடம் செல்லாது. விக் பின்வாங்கி யோசிப்பதை இவ்வளவு நேரம் பார்ப்பது இந்த சீசனில்தான். 16 எம்எம் ஃபிலிமில், கையில் பிடித்த கேமராவில் எடுக்கும் பாணி பழையதுதான் என்றாலும், இருவரும் எதிரெதிரே நிற்கும்போது அந்த நடுக்கம் புதிதாக உறைக்கிறது.

4-ஆம் சீசனில் க்ளென் க்ளோஸ் நடித்த மோனிகா ராலிங்கும் பலமான வரவுதான். ஆனால் அவள் மேலதிகாரி, விக் அவளுக்காக உழைத்தான். அவளால் கதைக்கு வேகம் கூடியது, அடித்தளம் அசையவில்லை. காவனாக் அசைப்பது அடித்தளத்தை.

குறைகளும் இருக்கின்றன. காவனாக்கின் முன்னாள் மனைவி வரும் பகுதி அவனுக்குள் விழுந்த விரிசலைக் காட்டுகிறது. அது தேவைதான். ஆனால் அதன் தொடர்ச்சியாக விக்கின் முன்னாள் மனைவி காரினிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் திடீரென்று வருகிறது, அதற்கு முன் இன்னும் ஒரு காட்சி வேண்டும். அதே நிலையத்தின் துப்பறிவாளர்கள் டச், க்ளாடெட் இருவரின் வழக்குகளுக்கும் இடம் குறைந்துவிட்டது. 6-ஆம் சீசனின் தொடக்கத்தில் காவனாக் கதையை முடித்திருப்பது அவசரம். 11 எபிசோடு கட்டியெழுப்பிய ஆளுக்கு அது போதாது.

நேராக 5-ஆம் சீசனில் ஆரம்பிக்க வேண்டாம். மொத்தம் 88 எபிசோடுகள். எல்லாவற்றுக்கும் நேரமில்லாதவர்கள் முதல் எபிசோடையும் 4-ஆம் சீசனின் 13 எபிசோடுகளையும் பார்த்துவிட்டு வரவும். டெர்ரியை ஸ்ட்ரைக் டீமுக்குள் உளவு பார்க்க வைத்தவன் அன்றைய கேப்டன் அசெவெடா. அது தெரியாவிட்டால், கவுன்சிலரான பிறகும் அவன் காவனாக்கிடம் ஏன் பேசுகிறான் என்பது பிடிபடாது. 11-ஆவது எபிசோடின் கடைசிக் காட்சியைப் பற்றி யாரிடமும் முன்கூட்டிக் கேட்காதீர்கள்.