சால்மனுக்கு வழிவிட: மீன் ஏணியா, அணை அகற்றலா?

கடலில் வளர்ந்த சால்மன் மீன் முட்டையிட, பிறந்த ஆற்றுக்கே திரும்பும். நடுவில் அணை நின்றால்?

முதல் வழி மீன் ஏணி. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1938-ல் கட்டி முடித்த பான்னவில் அணையிலேயே இது உண்டு. படிப்படியாகத் தொட்டிகள், மீன் ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே போகும். அணை இருப்பதால் மின்சாரமும் கிடைக்கும், செலவும் குறைவு. சரி, ஆனால் ஏணி ஏற்றிவிடுவது பெரிய மீனைத்தான். கடலுக்கு இறங்கும் குஞ்சுகளில் பல டர்பைனில் அடிபடுகின்றன. இன்னொன்று, பெண் மீன் வாலால் சரளைக்கல்லில் குழி பறித்துத்தான் முட்டையிடும். அந்தச் சரளையை அணை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு ஏணி என்ன செய்யும்?

இரண்டாவது வழி அணையையே எடுத்துவிடுவது. வாஷிங்டன் மாநில எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை இடித்தார்கள். ஏணியே இல்லாமல் கட்டிய அணைகள் அவை. அவற்றை அகற்றச் சொல்லி லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் பல காலம் போராடினார்கள். தேங்கியிருந்த வண்டல் மட்டும் சுமார் 2 கோடி கன மீட்டர். இடித்தால் அது ஆற்று நீரில் கலந்துவிடும். அதனால் போர்ட் ஏஞ்சலஸ் நகரின் குடிநீருக்கு முன்பே சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். மீன் ஏறும் பருவங்களில் இடிப்பை நிறுத்தி வைத்தார்கள். நிர்வாகம் என்றால் இதுதான்! அப்புறம் அந்த வண்டலே முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையானது. சால்மனும் மேலே ஏறியது.

பெரிய மின் உற்பத்தி நடக்கும் இடத்தில் ஏணியைக் குறை சொல்ல மாட்டேன். பழசாகி, கொஞ்சமே மின்சாரம் தரும் அணை என்றால் என் ஓட்டு இடிப்புக்கே.