ஆரக்கிள் கற்ற அனுபவம்: உள்ளே நுழைவதுதான் பெரிய வேலை

கல்லூரிப் பாடத்துக்காகத் தொட்ட ஆரக்கிள் தரவுத்தளத்தை இன்றுவரை விடாமல் பயன்படுத்தி வருகிறேன். மையெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பழகியவர்கள் "எல்லாம் எஸ்கியூஎல்தானே" என்று தைரியமாக வருவார்கள். எஸ்கியூஎல் என்ற அந்தக் கட்டளை மொழியில் பெரிய சிக்கல் இல்லைதான். தரவைக் கேட்கும் முதல் கொயரி எழுதுவதற்கு முன்னாலேயே தலைவலி தொடங்கிவிடும்.

மாணவர்களுக்கு இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனே போதும். 21சி பதிப்பில் 12 ஜிபி தரவு, 2 ஜிபி ராம் வரை அனுமதி. புராஜெக்ட்டுக்குத் தாராளம். நிறுவி முடித்து, சிஸ்டம் பயனராக நுழைந்து, புதுப் பயனரை உருவாக்கும் கிரியேட் யூசர் கட்டளையைக் கொடுத்தால் ஓஆர்ஏ-65096 என்ற பிழையோடு நிற்கும். 2013இல் 12சி பதிப்போடு வந்த கன்டெய்னர் அமைப்புதான் காரணம். வெளியே ஒரு பெரிய தரவுத்தளம், அதற்குள் தனித்தனியாகச் சில. நாம் நிற்பது வெளியே. போக வேண்டியது எக்ஸ்இபிடிபி1 என்ற உள் தரவுத்தளத்துக்கு. இணையத்தில் பலரும் ஒரு மறைவான பாராமீட்டரை மாற்றச் சொல்வார்கள். பிழை போய்விடும், ஆனால் பயனர் உருவாவது தப்பான இடத்தில். அந்த யோசனையைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் கதையே வேறு. பயிற்சிக்கென்றே காலங்காலமாகப் புழங்கும் எம்ப் என்ற 14 வரிசை ஊழியர் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்டோவில் கிங் என்ற ஊழியரின் சம்பளத்தை 5000இலிருந்து 6000 ஆக்கி, கமிட் செய்யாமல், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்காமல், விடுங்கள். இன்னொரு விண்டோவில் செலக்ட் போட்டால், காத்திருக்க வைக்காமல் 5000 என்றே காட்டும். பழைய மதிப்பை அண்டூ பகுதியில் வைத்திருந்து, அதிலிருந்து அந்தத் தரவுப் பிளாக்கைப் பழையபடி கட்டித் தருகிறது. எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை, படிப்பவரும் எழுதுபவரைத் தடுப்பதில்லை.

இது பிடிபட்டதும் மற்றவை தாமாகவே புரிந்தன. நீண்ட கொயரி நடுவில் 'ஸ்நாப்ஷாட் டூ ஓல்டு' என்று ஓஆர்ஏ-01555 ஏன் வருகிறது? அதற்குத் தேவையான அண்டூ அதற்குள் மேலெழுதப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். டேபிள் கொஞ்ச நேரம் முன்பு எப்படி இருந்தது என்று ஃப்ளாஷ்பேக் கொயரி காட்டுவதும் அதே அண்டூவை வைத்துத்தான். பாடத்தில் மூன்று வெவ்வேறு இடத்தில் வரும் விஷயங்கள், உள்ளே ஒரே இயங்குமுறை. நான் பாடம் நடத்தினால் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

எரிச்சலூட்டும் குணங்களும் உண்டு. எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை 'நல்' (மதிப்பே இல்லை) என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் வெறும் மேற்கோள்குறியோடு ஒப்பிட்டால் ஒரு வரிசைகூட வராது. அனுமதி இல்லாத டேபிளைக் கேட்டாலும் 'டேபிள் இல்லை' என்றே ஓஆர்ஏ-00942 சொல்லும். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் புதிதாகப் படிப்பவர் இல்லாத எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருப்பார். டிரான்சாக்‌ஷன் நடுவே ஒரு கிரியேட் டேபிள் கொடுத்தால், அதுவரை செய்த மாற்றங்களும் சத்தமில்லாமல் கமிட் ஆகிவிடும். மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக்கும் இதைக் காப்பாற்றாது.

பிழை வந்தால் வாசகத்தைவிட எண்ணைப் பிடித்துத் தேடுங்கள், பதில் சீக்கிரம் கிடைக்கும்.

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே தரவுத்தளத்தை இயக்கும் ஆர்ஏசி, மாற்றுப் பிரதியைத் தயாராக வைத்திருக்கும் டேட்டா கார்டு இரண்டும் எக்ஸ்பிரஸ் எடிஷனில் கிடையாது. பெரிய நிறுவனங்கள் ஆரக்கிளைத் தேடிப் போவதற்கு அவையும் காரணம், ஆனால் எனக்கு இன்னும் அவை ஏட்டளவில்தான்.