எம் எடிஷன் 60 வாங்கலாமா, எம்-பி போதுமா?

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் நண்பர் ஒருவர் பழைய லைக்கா கேமரா வாங்கப் பணம் சேர்த்துவிட்டார். மனம் இரண்டுக்கும் நடுவே தவிக்கிறது: 2014இல் 600 மட்டும் செய்த எம் எடிஷன் 60, அதே காலத்துச் சாதாரண எம்-பி.

படம்: இரண்டிலும் ஒரே 24 மெகாபிக்சல் முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) உணரி, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. கூடுதல் விலைக்குக் கூடுதல் தெளிவு கிடைக்காது.

உடல்: எடிஷனில் துருப்பிடிக்காத எஃகு, ஆடி (Audi) கார் நிறுவனத்தின் வடிவமைப்பு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, உண்மைதான்.

திரை: எடுத்த படத்தைப் பார்க்கும் பின்புறத் திரை எம்-பியில் உண்டு. எடிஷனில் இல்லை, அந்த இடத்தில் ஒளியுணர்திறனை மாற்றும் ஐஎஸ்ஓ வட்டுதான். எடுத்த படத்தை வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஃபிலிம் காலத்துக்காரர்களுக்கு இது வரம். கோர் த கார்த் மலைக் கோவிலில் தைப்பூசக் காவடியைப் படமெடுக்க நினைப்பவருக்கு அப்படியில்லை. மலையேறும் காவடி நமக்காகத் திரும்பி வராது.

மதிப்பு: எடிஷனின் விலை அதன் அபூர்வத்தில் இருக்கிறது. பெட்டி, காகிதம், கீறல் இல்லாத உடல் எல்லாம் இருந்தால்தான் சேகரிப்பவர் நல்ல விலை தருவார். அதனால் வாங்கியவர் பூட்டி வைக்கிறார். நம் தீவின் ஈரக்காற்றில் இருட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் எந்த மதிப்பும் நிற்காது. ஈரம் காக்கும் அலமாரி இல்லாமல் எடிஷனைத் தொடவே வேண்டாம். எம்-பிக்கும் ஈரம் எதிரிதான், ஆனால் தினமும் வெளியே போய் வருவதால் அது தப்பிக்கும்.

சேகரிப்பவருக்கு எடிஷன் சரி. என் நண்பர் காவடி எடுப்பவர்களின் முகங்களைத் தேடுபவர். அவருக்கு எம்-பி, மிச்சப் பணத்தில் நல்ல 35 மிமீ லென்ஸ்.