பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஏதென்ஸ்: ஒரு வார இறுதி வகுப்பின் மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடக்கும் இந்த ஆறு வார வகுப்பு, பண்டைய கிரேக்க நகர அரசுகளின் தலைமை, போர், மக்களாட்சி ஆகிய மூன்றையும் தமிழிலேயே விளக்குவதாக அறிவித்து, 150 ரிங்கிட் கட்டணம் வாங்குகிறது. படிவம் ஐந்தோடு வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்தவர்களும் பின்தொடரும்படி பாடம் அமைந்திருப்பதாலும், ஆசிரியர் குறிப்பைப் பார்த்து வாசிக்காமல் பேசத் தெரிந்தவர் என்பதாலும், கொடுத்த பணம் வீண் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். போரும் மக்களாட்சியும் அவருக்கு நன்றாகக் கைவந்திருக்கின்றன. தலைமை என்று வரும்போதுதான் பாடம் வீரர் புகழ்ச்சியாக மாறிவிடுகிறது.

தொடரின் உச்சம் இரண்டாம் வாரத்துப் பாடம். கி.மு. 483 வாக்கில் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தபோது, அதைக் குடிமக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுவிடலாம் என்ற பேச்சு ஏதென்ஸில் எழுந்தது. அரசியல் தலைவர் தெமிஸ்டொக்ளீஸ் மக்கள் மன்றத்தில் வாதாடி அந்தப் பணத்தைப் போர்க்கப்பல் கட்டத் திருப்பினார். (தேர்தல் காலத்து உதவித்தொகை அறிவிப்புகளைக் கேட்டுப் பழகிய கூடம் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தது.) அந்த மூன்றடுக்குக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் 170 துடுப்பாளர்கள் வேண்டும். வெண்கலக் கவசத்தையும் கேடயத்தையும் சொந்தச் செலவில் வாங்க முடிந்தவனே தரைப்படை அணியில் நிற்க முடிந்த காலத்தில், கையிருப்பு ஏதும் இல்லாத ஏழைக்குப் போரில் இடம் கொடுத்தது துடுப்புதான். கி.மு. 480இல் சலமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படையை முறியடித்த கப்பல்களை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இவர்கள். ஊரைக் காப்பாற்றியவனை மன்றத்தில் வாய் திறக்காதே என்று அதன்பின் யாரால் சொல்ல முடியும் என்று கேட்டுவிட்டு, அடுத்த அரை நூற்றாண்டில் ஏழைக் குடிமக்களின் கை ஓங்கியதையும், வழக்கு விசாரிக்கும் நடுவர்களுக்கு நாட்கூலி வந்ததையும் கடற்படையின் வளர்ச்சியோடு சேர்த்து அவர் விளக்கிய விதம் மிகத் தெளிவாக இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு குலுக்கல் பலகை வந்தது. ஏதென்ஸில் நடுவர்களைப் பொறுக்கப் பயன்பட்ட கல் எந்திரத்தின் மாதிரியாக, இடுப்புயர ஒட்டுப்பலகையில் வரிசை வரிசையாகப் பிளவுகள் அறுத்து, பக்கவாட்டில் ஒரு பிவிசி குழாயைப் பொருத்தியிருந்தார்கள். எல்லோரும் தங்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிளவில் செருக வேண்டும். குழாயின் மேல்வாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலிக்குண்டுகளைக் கொட்டி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் தேர்வு, கறுப்பு விழுந்தால் முழு வரிசையும் வீட்டுக்குப் போகலாம். சங்கப் பொறுப்புகளில் நெடுங்காலம் இருந்துவரும் பெரியவர் ஒருவரின் வரிசைக்குக் கறுப்பு விழுந்தது. “இன்னொரு தடவை உருட்டிப் பாருங்கள், சார்” என்றார். “ஏதென்ஸில் இன்னொரு தடவை கிடையாது, ஐயா” என்று ஆசிரியர் அட்டைகளை உருவிக் கொடுத்துவிட்டார். ஐந்நூற்றுவர் அவைக்கும் பத்துப் பிரிவினரிலிருந்து பிரிவுக்கு 50 பேர் வீதம் குலுக்கலிலேயே வந்தார்கள் என்பதும், ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அங்கே அமர முடியாது என்பதும் இதற்குப் பிறகு யாருக்கும் மறக்காது.

இதே வகுப்பில் உத்திரமேரூர்க் குடவோலையும் பேசப்பட்டது. பேசாமல் இருக்க முடியாதுதான்; ஆனால் ‘நாமும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்’ என்ற தொனி வேண்டாதது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவை விவரிப்பது நிலமும் வேதக் கல்வியும் உடையவர்கள் மட்டுமே போட்டியிடக்கூடிய ஒரு பிராமண ஊர்ச் சபையை. ஒப்பிட வேண்டியது வேறொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று அங்கே எழுதி வைத்தார்கள், ஏதென்ஸிலும் பதவிக்காலம் முடிந்த ஒவ்வொருவரும் கணக்கு ஒப்படைத்தே தீர வேண்டும். அந்த ஒற்றுமையை ஆசிரியர் தொடவே இல்லை.

தொட்டிருந்தால் நான்காம், ஐந்தாம் வாரங்கள் வேறு மாதிரி அமைந்திருக்கும். ஸ்பார்ட்டாவுக்கான இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைத் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற தெர்மொபைலே கணவாயும் அங்கே மடிந்த அரசர் லியோனிதாஸும் விழுங்கிவிட்டார்கள். இரண்டு அரசர்கள் ஒரே நேரத்தில் ஆண்ட விந்தையும், அவர்களையே விசாரணைக்கு இழுக்க வல்ல, ஆண்டுதோறும் மாறும் எபோர் என்ற ஐந்து அதிகாரிகளும், அறுபது வயது கடந்த மூத்தோர் அவையும் பத்து நிமிடத்தில் முடிந்தன. வயல்களில் உழைத்து அந்தப் போர்வீரர்களுக்குச் சோறு போட்ட ஹெலட் அடிமைகளுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைத்தது.

ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளீஸையும் ஏறக்குறைய முடிசூடிய மன்னராகவே காட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, “அவரை யார் சார் கேள்வி கேட்டார்கள்?” என்று கேட்ட பிறகே செய்தி வெளிவந்தது: தளபதிகள் பத்துப் பேரும் குலுக்கலில் அல்ல, ஆண்டுக்கொருமுறை வாக்கெடுப்பில் வந்தவர்கள், பெரிக்ளீஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் வென்றார் என்றால் ஒவ்வோர் ஆண்டும் மக்கள் முன் நின்றார் என்று பொருள், கி.மு. 430இல் கொள்ளைநோயும் போரும் சேர்ந்து ஊரை வாட்டியபோது அதே மக்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கி அபராதமும் விதித்தார்கள், மறுபடி தேர்ந்தெடுத்தார்கள், 429இல் அவரும் அந்த நோயிலேயே இறந்தார். கேள்விக்குப் பதிலாக வந்த இதுதான் பாடமாகவே இருந்திருக்க வேண்டும்.

குடியுரிமைப் பகுதி மட்டும் கூடத்தை உண்மையிலேயே அமைதியாக்கியது. தாயும் தந்தையும் ஏதென்ஸ்க்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451இல் சட்டம் கொண்டுவந்தவர் பெரிக்ளீஸ். அவருக்கும் மிலேட்டஸ் ஊர் அஸ்பாசியாவுக்கும் பிறந்த மகனையே அது வெளியே நிறுத்தியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தாத்தா பாட்டிகள் பல வீடுகளில் இருந்திருக்கிறார்கள், விளக்கம் தேவைப்படவில்லை. மற்ற மகன்கள் கொள்ளைநோயில் இறந்ததும் மக்கள் இரக்கப்பட்டு அந்த மகனுக்கு விலக்கு அளித்தார்கள் என்பதோடு ஆசிரியர் நிறுத்திக்கொண்டார். தந்தையின் பெயரையே தாங்கிய அந்த மகன் பின்னாளில் தளபதியாகி, கி.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் வென்றும், போரில் சிதைந்து மூழ்கிய கப்பல்களின் ஆட்களைப் புயலுக்கிடையே மீட்கவில்லை என்ற குற்றச்சாட்டில் சக தளபதிகளோடு சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கப்பட்டார். திரும்பி வந்த அறுவரும் கொல்லப்பட்டார்கள். அப்போது அவைப் பொறுப்பில் இருந்த சாக்ரடீஸ், அது சட்டத்துக்குப் புறம்பானது என்று உடன்பட மறுத்தார். தலைமை, போர், மக்களாட்சி மூன்றும் ஒரே நாளில் மோதிக்கொண்ட அந்த வழக்கு ஆறு வாரங்களில் ஓரிடத்திலும் வரவில்லை என்பதே இந்த வகுப்பின் மீது எனக்குள்ள பெரிய குறை.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக: நகலெடுத்துத் தரும் வரைபடத்தில் கடலும் நிலமும் ஒரே சாம்பல் நிறம், தீவுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், மைக் கடைசி இரண்டு வரிசைகளை எட்டுவதில்லை, இடைவேளையில் கிடைக்கும் வடையும் தே தாரிக்கும் நன்று. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பதே உத்தமம். இடைநிலைப்பள்ளி மாணவர்களையும் தாராளமாக அழைத்துச் செல்லலாம். அடுத்த தொகுதியில் லியோனிதாஸிடமிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து அர்கினூசே வழக்குக்குக் கொடுப்பார்களானால், அந்த ஒரு காலைக்காகவே நான் மறுபடியும் பதிவு செய்வேன்.